கடலை வெந்த கதை

"உன் பருப்பு இங்கே வேகாது" என்று நம் நாட்டில் ஒரு வசனம் உண்டு. எதிராளியின் தந்திரம் நம்மிடம் பலிக்காது என்று சொல்வதற்கு அதை எல்லாரும் வழங்குகிறார்கள். நாமும் முப்பது வருஷ காலம் உத்தியோக ஸ்தலத்திலும், ஊர்ப் பஞ்சாயத்துக்களிலும் அதைத் தாராளமாகப் பிரயோகித்து வந்திருக்கிறோம். ஆனால் அந்த வசனத்தை முதன்முதலில் சொன்ன மனிதர் உண்மையாகவே ஓர் அடுப்புக்கு முன்னால் நின்று, வேகாத பருப்பைப் பார்த்துக் கண் கலங்கியவராக இருக்க வேண்டும் என்பது சென்ற மாதந்தான் நமக்கு விளங்கிற்று.

நாம் குடியிருப்பது கம்பத்தில். தேனியிலிருந்து தென்மேற்காகச் சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர் ஊராகக் கடந்து வந்தால், இரு பக்கமும் மலை கூடவே வரும். நடுவில் நெல் வயலும், வாழையும், தென்னையும், திராட்சைப் பந்தலுமாகப் பசுமை படர்ந்திருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு ஒரு கர்வம் உண்டு. உலகத்தில் விளைகிற நல்ல பொருள்களெல்லாம் நம் வீட்டு வாசலில்தான் விளைகின்றன என்பதே அந்தக் கர்வம். அந்தக் கர்வத்தைக் கலைத்தது ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலை.

நம் மனைவியார் மகளின் பிரசவத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். போகும்போது, "வெந்நீர் வைக்கத் தெரியும் அல்லவா? அது போதும். மற்றதற்கு எதிர் வீட்டில் சொல்லியிருக்கிறேன்" என்று நம்முடைய பாக யோக்கியதையை ஒரே வாக்கியத்தில் அளந்துவிட்டுப் போனார். அவர் போன நான்காவது நாள், டில்லியில் உத்தியோகம் பார்க்கும் நம் புதல்வன் டெலிபோனில் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகவும், கூட ஒரு சிநேகிதனையும் அழைத்து வருவதாகவும், சிநேகிதன் அமிர்தசரஸைச் சேர்ந்தவன் என்றும் சொன்னான். "அப்பா, ஹோட்டல் சாப்பாடு வேண்டாம். அவனுக்குக் கொண்டைக்கடலை என்றால் உயிர். நம் வீட்டு முறையில் சாப்பிட வேண்டும் என்கிறான். அம்மாதான் ஊரில் இல்லையே!" என்று இழுத்தான்.

"அம்மா இல்லாவிட்டால் என்ன? நாம் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டோம். மனிதன் தன்னுடைய அழிவுக்குத் தானே காரணமாவது இப்படிப்பட்ட வீராப்புகளினால்தான்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம் என்றால் சனிக்கிழமை ஒத்திகை பார்ப்பதுதானே முறை? கடைக்குப் போனோம். "கறுப்பா, வெள்ளையா?" என்று கேட்டார் கடைக்காரர். விருந்தாளி வடக்கத்தியர் என்பதால் வெள்ளையே தகும் என்று தீர்மானித்தோம். வெள்ளையாகவும் பெரிதாகவும் இருப்பது காபூலிக் கடலை. சிறியதாக, கறுத்த பழுப்பு நிறத்தில், மேல் தோல் தடித்திருப்பது நாட்டுக் கடலை. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தானம் ஆகிய மாகாணங்களில்தான் இது பெருவாரியாக விளைகிறது. உலகத்தில் விளையும் கொண்டைக்கடலையில் பெரும் பங்கு இந்தியாவினுடையதே. துருக்கி தேசத்தின் தென்கிழக்கு மூலையில், பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் காட்டுச் செடியாக இருந்ததை மனிதன் வீட்டுச் செடியாக்கினான் என்கிறார்கள். ஆக, நம் சட்டிக்கு வந்து சேர்வதற்குள் அது நம்மைக் காட்டிலும் எவ்வளவோ அதிகமாக ஊர் சுற்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது காலை பதினொரு மணி. கடலையை முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும் என்ற சாஸ்திரம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்தால் ஓர் இரவுக்குச் சமானம் என்று நமக்கு நாமே ஒரு புதுக் கணக்குப் போட்டோம். பிறகு குக்கரில் கடலையைப் போட்டு, வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, நேரத்தை மிச்சப்படுத்தும் உத்தேசத்துடன் புளியையும் அதிலேயே கரைத்து விட்டு, அடுப்பை மூட்டினோம்.

ஐந்து விசில் வந்தது. திறந்து பார்த்தோம். கடலை, கடலையாகவே இருந்தது. மறுபடியும் ஐந்து விசில். ஒன்றை எடுத்து வாயில் போட்டோம். நம் கடைவாய்ப் பல் ஒன்று, அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் நம்முடன் இருப்பது, எச்சரிக்கை செய்தது. இன்னும் ஐந்து விசில் விட்டோம். தெருவில் போனவர்கள் எல்லாம் நம் வீட்டை ரயில்வே ஸ்டேஷன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் தண்ணீர் வற்றி, அடியில் புளி தீய்ந்து, மேலே கடலை மட்டும் கலங்காத வீரர்களைப் போல் வீற்றிருந்தது.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வாசலில் ஜீப் வந்து நிற்கும் சப்தம் கேட்டது. மலைக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்புகிற நேரம் அது. எங்கள் எதிர் வீட்டு அம்மாளும் அந்த ஜீப்பில்தான் போய் வருகிறார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்து, விடிவதற்கு முன் புறப்பட்டு, மலைச் சாலை ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போவார்கள். பொழுது சாயும் வேளைக்குத் திரும்புவார்கள். கம்பம், கூடலூர், போடி என்று இந்தப் பக்கத்து ஊர்களில் இப்படி எத்தனையோ ஜீப்புகள் விடியற்காலையில் மலை ஏறுகின்றன. குமுளி வழி, கம்பம்மெட்டு வழி, போடிமெட்டு வழி என்று மூன்று பாதைகளிலும் இந்த யாத்திரை நடக்கிறது.

தீய்ந்த வாசனை அவரைத் தம் வீட்டுக்குள் போக விடவில்லை. நேரே நம் வீட்டுக்கு வந்தார்.

"என்ன அண்ணே, மதினி இல்லாத நேரத்தில் வீட்டைக் கொளுத்தப் பார்க்கிறீர்களா?"

நாம் நடந்ததைச் சொன்னோம். அவர் ஒரு கடலையை எடுத்து விரல்களுக்கு இடையே அழுத்திப் பார்த்தார். வைத்தியர் நாடி பார்ப்பது போல இருந்தது.

"எந்தத் தண்ணியில் வேக வைத்தீர்கள்?"

"தண்ணீரில் என்ன ஜாதி? வீட்டுத் தண்ணீர்தான்."

"போர்த் தண்ணியா! அதில் பருப்பு வேகாது அண்ணே. போதாததற்குப் புளியை வேறு முதலிலேயே போட்டிருக்கிறீர்கள். புளி விழுந்தால் கடலை கல்லாகத்தான் நிற்கும்."

பிறகு நாம் விசாரித்துத் தெரிந்துகொண்ட வரையில், அந்த அம்மாள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தவறு இல்லை. பயறுகளின் உள்ளே அணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருப்பது பெக்டின் என்ற ஒரு விதப் பசை. அது கரைந்தால்தான் கடலை குழையும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினமான தண்ணீரில் அந்தப் பசை இளகுவதற்குப் பதிலாக இறுகிப் போகிறது. புளிப்பு சேர்ந்தாலும் சுலபத்தில் கரைவதில்லை. ஆப்ப சோடா போட்டால் விரைவில் இளகும். ஆனால் அளவு மிஞ்சினால் கடலை கூழாகிச் சவுக்காரத்தின் ருசி வந்துவிடும். ஊற வைக்கிற தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போடுவது அதைவிட மேல். உப்பு தோலை இளக்கும், ருசியைக் கெடுக்காது. நாள்பட்ட கடலையானால் எந்த உபாயமும் எளிதில் பலிப்பதில்லை. இத்தனை ரசாயன சாஸ்திரத்தையும் அந்த அம்மாள் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் போய்க் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஒரு கையில் கால் கிலோ நாட்டுக் கடலை. மற்றொரு கையில் ஒரு பழைய எவர்சில்வர் தூக்குவாளி நிறையக் குழாய்த் தண்ணீர். "இது ஆற்றுத் தண்ணி. இதிலேயே ஊறப் போடுங்கள். மிச்சத்தை வேக வைக்கிறதற்கு வையுங்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில்தான் இருப்பேன். எட்டு மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆற்றுத் தண்ணீர் என்று இங்கே சொன்னால் அது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான். லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் வழியாக எங்கள் ஊருக்கு வருகிறது. அன்று இரவு கடலையை ஊறப் போட்டுவிட்டு, அந்தத் தூக்குவாளியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நியாயமாகப் பார்த்தால் இந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு வரவேண்டிய தண்ணீரே அல்ல. பெரியாறு மலையின் மேற்குப் பக்கத்தில் ஓடி அரபிக் கடலில் விழுகிற நதி. மலைக்குக் கிழக்கே நம் ஜனங்கள் மழையில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1886-ஆம் வருஷம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் உடன்படிக்கை ஆயிற்று. 1887-இல் அணை வேலை தொடங்கிற்று. வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் கட்டினார்கள். காட்டுக் காய்ச்சலும் காலராவும் வந்து ஆட்களைக் கொண்டுபோயின. மறுபடியும் கட்டினார்கள். 1895-ஆம் வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே போக வேண்டிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிற்று.

அந்த அணையைக் கட்டிய இஞ்சினீயர் பென்னிகுக்கை இங்கே தெரியாதவர் இல்லை. கடைகளில் அவர் படம் தொங்குகிறது. குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவருடைய பிறந்த தினமாகிய ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள். 2013-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் எழுந்தது. செய்ந்நன்றி மறவாத ஜனங்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் காட்டுக்குள் கல்லும், சுண்ணாம்பும், சுர்க்கியும் தலையில் சுமந்து, குளிரிலும் காய்ச்சலிலும் மாண்டுபோன கூலியாட்களின் பெயர்களை யார் அறிவார்? நம் வீட்டுக் கடலை வேகுமா, வேகாதா என்ற கேள்விக்கு அவர்கள் தங்கள் உயிரால் விடை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் பார்த்தால், இரவு பாத்திரத்தில் பாதியாகக் கிடந்த கடலை விளிம்பு வரை உப்பி எழுந்திருந்தது. ஊறின தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, குக்கரில் வைத்தோம். ஐந்து விசிலுக்குப் பின் சிறு தீயில் பத்து நிமிஷம். திறந்து ஒன்றை எடுத்து அழுத்தினோம். வெண்ணெய் போல நசுங்கிற்று. நாம் ஒரு சத்தம் போட்டோம். ஆர்க்கிமிடீஸ் என்ற கிரேக்க சாஸ்திரி ஸ்நானத் தொட்டியிலிருந்து போட்ட சத்தத்துக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

"இது பாதிதான் அண்ணே" என்றார் எதிர் வீட்டு அம்மாள். "இனிமேல்தான் கறி."

இரும்பு வாணலியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டார். அதில் மூன்று ஸ்பூன் கொத்துமல்லி விதை, ஆறு காய்ந்த மிளகாய், அரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சோம்பு, விரல் நுனி அளவு பட்டை, மூன்று கிராம்பு. வாசனை எழும்பியதும் அதில் ஒரு மூடித் தேங்காயின் துருவலைக் கொட்டி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்கும்படி நம் கையில் கரண்டியைக் கொடுத்தார். ஐந்து நிமிஷத்தில் பொன்னிறம் வந்தது. "போதுமா?" என்றோம். "போதாது" என்றார். பத்து நிமிஷத்தில் பழுப்பு நிறம் வந்தது. "இப்போது?" "இன்னும் கொஞ்சம். காப்பிக் கொட்டை நிறம் வர வேண்டும். அடுப்பை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அவசரப்பட்டால் வெளியே கருகிவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும்." நம் வாழ்க்கையில் நாம் செய்த பல காரியங்களை நினைத்துக்கொண்டு மௌனமாகக் கிளறினோம்.

இந்த இடத்தில் நமக்கு உற்சாகம் பொங்கிற்று. அலமாரியில் ஒரு டப்பா நிறைய ஏலக்காய் இருந்தது. எங்கள் மலையில் விளைகிற பொருளாயிற்றே! போடிநாயக்கனூரிலும் அந்தப் பக்கத்துப் புத்தடியிலும் ஏலம் போட்டு, தேசமெங்கும் போகிற பொருளாயிற்றே! வடநாட்டு விருந்தாளிக்கு நம் ஊர்ப் பெருமை தெரியட்டும் என்று பத்துக் காய்களை அள்ளினோம். அம்மாள் நம் கையைப் பிடித்து நிறுத்தி, எட்டுக் காய்களைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"இரண்டு போதும். கடலையா, பாயசமா?"

"உங்கள் வீட்டில் எத்தனை போடுவீர்கள்?"

"நாங்களா? போடுவதே இல்லை. பகலெல்லாம் அந்த வாசனையிலேதான் குனிந்து நிற்கிறோம். கை கழுவினாலும் போகிறதில்லை. ராத்திரிச் சோற்றிலும் அதுவா?"

நாம் சற்று நேரம் பேசவில்லை. 1 கிலோ உலர்ந்த ஏலக்காய்க்குச் சுமார் 5 கிலோ பச்சைக் காய் பறிக்க வேண்டும். செடியின் அடியில், தரையோடு படர்ந்த சரங்களில் காய்க்கிற காய் அது. குனிந்து, முற்றினதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் புத்தடி ஏலத்தில் அது கிலோ 7,000 ரூபாய் வரை விலை போயிற்று. பத்திரிகையில் அதைப் படித்த அன்று நம் ஊர்ப் பொருளின் மதிப்பை எண்ணிப் பூரித்துப்போனோம். அதே நாள் மாலை ஜீப்பிலிருந்து இறங்கியவர்களிடம் அன்றைக்குக் கூலி என்ன என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. அதை இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வறுத்ததை ஆற வைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து விழுதாக அரைத்தோம். பிறகு கடுகு, கறிவேப்பிலை தாளித்து, இருபது சின்ன வெங்காயத்தையும், இஞ்சி பூண்டையும், இரண்டு தக்காளியையும் வதக்கி, மஞ்சள் தூள் போட்டு, விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிளறி, வெந்த கடலையை அதன் தண்ணீரோடு ஊற்றினார் அம்மாள். இரண்டு கரண்டிக் கடலையைத் தனியே மசித்துக் கலந்தார். குழம்பு கெட்டிப்படுவதற்கு அதுதான் உபாயமாம். எல்லாம் ஒரு கொதி வந்த பின்பே, சுண்டைக்காய் அளவு புளியைக் கரைத்து விட்டார்.

"இந்தப் பக்குவத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டோம். நம் மனைவியார் வைக்கிற கடலைக் குழம்பில் தேங்காய் இவ்வளவு கறுப்பதில்லை.

"பாதி எங்கள் ஆத்தா, பாதி மலையிலே சேச்சி" என்றார் அவர். பிறகு கொதிக்கிற சட்டியைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

அவர் வேலைக்குப் போகும் தோட்டத்தை ஒட்டி ஒரு மலையாள அம்மாளின் வீடு இருக்கிறது. மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில் மழை வந்தால் இவர்கள் அந்த வீட்டுத் திண்ணையில் ஒதுங்குவார்கள். முதலில் ஒதுங்க இடம். பிறகு குடிக்கச் சுடுதண்ணீர். பிறகு ஒரு நாள் புட்டும் கடலைக்கறியும். இப்படியாகப் பத்து வருஷப் பழக்கம். தேங்காயைக் கறுக்க வறுக்கும் பக்குவம் சேச்சி கொடுத்தது. கடைசியில் துளி புளி விடுவது இவர் அவருக்குக் கொடுத்தது.

2011-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நடந்தது நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். அணை விஷயமாக இரு பக்கத்திலும் மனம் கொதித்து, குமுளிப் பாதை அடைபட்டது. மலையில் இருந்த தமிழ்த் தொழிலாளிகள் பலர் அஞ்சி, மூட்டை முடிச்சுக்களுடன் இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். தடை உத்தரவு, கடையடைப்பு, போலீஸ் என்று ஊரே தூக்கம் இழந்திருந்தது. வழக்கு முடிந்து சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வந்தது 2014-ஆம் வருஷம் மே மாதத்தில். அந்த விவகாரத்தின் நியாயங்களை எழுதுவதற்கு வேறு பேனாக்கள் இருக்கின்றன. எதிர் வீட்டு அம்மாள் சொன்னது ஒரு தூக்குவாளியின் விஷயம்.

"அதற்கு முந்தின நாள் மழை. சேச்சி வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டுவிட்டு, ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்ததில் தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை அண்ணே. ராத்திரி ஊறப் போட்ட கடலை காலையில் ஊறிக் கிடக்கிறது, ஜீப் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடலை முளை விட்டுவிட்டது. அதைத் தெருவுக்கே சுண்டலாக அவித்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஊறப் போடுவதற்கும் வீட்டில் ஒன்றும் இல்லை. கூலி இல்லாத வீட்டில் என்ன இருக்கும்?"

"பிறகு?"

"நாலாம் நாள் போன் வந்தது. சேச்சிதான். ஊரெல்லாம் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கிறார்கள். எடுத்துப் பேசவே எனக்குப் பயம். அது கேட்டது ஒன்றுதான்: எல்லாரும் பத்திரமாக வீடு சேர்ந்தீர்களா என்று. அப்புறம், 'உன் பாத்திரம் இங்கே இருக்கிறது, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், எப்போது வருகிறாய்?' என்று கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்போது என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!"

பாதை திறந்து, வேலைக்குப் போன முதல் நாள், தூக்குவாளியை அந்தச் சேச்சி திருப்பிக் கொடுத்தார். காலியாகக் கொடுக்கவில்லை. அது நிறையக் கடலைக்கறி இருந்தது. நேற்று இரவு நம் வீட்டுக்குத் தண்ணீர் வந்ததும் அதே தூக்குவாளியில்தான்.

நாம் கரண்டியால் குழம்பைக் கிளறுவது போலப் பாவனை செய்தோம். வெங்காயம் நறுக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆகையால் கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயத்தைக் குற்றம் சொல்ல வழி இல்லை.

மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். அமிர்தசரஸ் வாலிபன் ஆறு அடி உயரம், கூச்ச சுபாவம். இலையில் சோறும், கடலைக்கறியும், அப்பளமும் பரிமாறினோம். முதல் கவளத்தில் அவன் முகத்தில் ஓர் ஆச்சரியம் தோன்றிற்று. இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு உண்மையைச் சொன்னான்: "மிகவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இது சோலே அல்ல." அவன் தாயார் வெள்ளைக் கடலையைத்தான் வைப்பாராம். அது கறுத்து வருவதற்காகத் தேயிலையைத் துணியில் முடிந்து கூடவே போட்டு வேக வைப்பாராம். புளிப்புக்குப் புளி இல்லை. உலர்ந்த மாதுளை விதையைப் பொடி செய்து போடுவாராம். தேங்காய் என்பது அவர்கள் சமையலறைக்குள் பிரசாதமாக மட்டுமே வருமாம்.

நம் புதல்வன், தூக்குவாளிக் கதையை அவனுக்கு ஹிந்தியில் எடுத்துச் சொன்னான். அந்தப் பையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவன் பாட்டியார் லாகூரில் வாழ்ந்தவர். 1947-இல், நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவராம். பித்தளைப் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாராம். கடைசி வரையில், "அவள் கழுவித்தான் வைத்திருப்பாள்" என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். "இங்கே பாத்திரம் திரும்பி வந்துவிட்டது" என்று மட்டும் சொன்னான். பிறகு மூன்றாம் முறையும் கடலை கேட்டான்.

நம் பள்ளத்தாக்கில் எல்லாம் விளைகிறது என்று ஆரம்பத்தில் கர்வப்பட்டோம் அல்லவா? அந்தச் சட்டியை யோசித்துப் பார்த்தோம். கடலை வடக்கேயிருந்து வந்தது. அதை வேக வைத்த தண்ணீர் மலைக்கு அப்பாலிருந்து வந்தது. ஏலக்காயும் மலை மேலிருந்து வந்தது. ஆனால் அதைப் பறித்த கை நம் தெருவிலிருந்து போனது. வறுத்த பக்குவம் ஒரு சேச்சியுடையது. புளி ஓர் ஆத்தாளுடையது. மலை நடுவே நிற்கிறது என்பது மெய்தான். ஆயினும் அதன் இரு புறமும் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் ஒரு வேளைக் குழம்பு கூடுகிறது.

பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் நாட்டு வழக்கம். மிச்சம் இருந்த கடலைக்கறியைத் தூக்குவாளியில் ஊற்றி, சாயங்காலம் எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை விடியற்காலையில் ஜீப்பின் சப்தம் கேட்டுக் கண் விழித்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், தூக்குவாளி அம்மாளின் மடியில் இருந்தது. ஜீப் மலைப் பாதையை நோக்கித் திரும்பிற்று.

அன்று மாலை அவர் இறங்கியதும் இறங்காததுமாக நாம் வாசலுக்கு ஓடினோம்.

"சேச்சி என்ன சொன்னார்கள்?"

"வறுத்தது சரியாக இருக்கிறதாம் அண்ணே. உப்புத்தான் கொஞ்சம் தூக்கலாம்."

உப்புப் போட்டது நாம்தான். இன்று இரவும் கால் கிலோ கடலை ஊறப் போட்டிருக்கிறோம், ஆற்றுத் தண்ணீரில்.